உடல் கிடைக்காத மரணம்: கடலில் காணாமல் போனவரின் மனைவி சட்டப்படி எப்போது 'கைம்பெண்' ஆகிறார்?

கணவர் இறந்த பிறகு ஒரு பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது என்ன? ஆறுதல், பணம், உறவுகளின் துணை என்று பல பதில்கள் வரலாம். ஆனால், அரசு அலுவலகத்தின் கண்ணில் முதல் தேவை ஒரு தாள்தான்: இறப்புச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழ், விதவை ஓய்வூதியம், இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு, பட்டா மாறுதல் எல்லாமே அந்தத் தாளுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

சரி, உடலே கிடைக்கவில்லை என்றால்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் இது கற்பனைக் கேள்வி இல்லை. ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகள் அங்கே இருக்கிறார்கள். ஊரைப் பொறுத்தவரை கணவரை இழந்தவர்கள். சட்டத்தைப் பொறுத்தவரை, கணவர் 'காணாமல் போனவர்'. அதாவது, இன்னும் மனைவிதான். இந்த இரண்டுக்கும் நடுவில் 7 ஆண்டுகள் இருக்கின்றன.

ஒக்கி காட்டிய வழி

2017 நவம்பர் 30. குமரிக் கடல் பகுதியில் ஒக்கி புயல் உருவான நாள். நாஞ்சில் நாட்டு வயல்களில் வாழையும் ரப்பரும் சாய்ந்ததைக் கரையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். கடலுக்குள் என்ன நடந்தது என்பது தெரியவர நாட்கள் ஆயின. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, பூத்துறை என்று அடுத்தடுத்து இருக்கும் மேற்குக் கடற்கரை ஊர்க்காரர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். சுறாவையும் சூரையையும் தேடிப் பல நாட்கள் கடலிலேயே தங்குபவர்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள்.

தேடுதல் வேகமாக நடக்கவில்லை என்ற கோபத்தில், டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். சில உடல்கள் கேரளக் கரையில் ஒதுங்கின. அடையாளம் தெரியாத நிலையில் இருந்தவற்றை டிஎன்ஏ பரிசோதனையில்தான் உறுதிசெய்ய முடிந்தது. ஆனால், குமரி மாவட்டத்திலிருந்து போனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரோடும் வரவில்லை, உடலாகவும் வரவில்லை.

இறந்த மீனவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் தரப்படும் என்று அந்த டிசம்பரிலேயே தமிழக முதல்வர் அறிவித்தார். உடனே அடுத்த கேள்வி எழுந்தது: காணாமல் போனவர்கள் 'இறந்தவர்கள்' கணக்கில் வருவார்களா? வழக்கமான சட்ட நடைமுறை என்றால் 2024 வரை காத்திருக்க வேண்டும். கேரளமும் தமிழகமும் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தின. யார் எந்தப் படகில் போனார், உடன் போனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை விசாரித்து, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 2018லேயே நிவாரணம் வழங்கப்பட்டது.

இது முதல் முறையும் அல்ல. 2013 உத்தராகண்ட் வெள்ளத்திலும், 2021 சமோலி பேரிடரிலும் காணாமல் போனவர்களுக்கு 7 ஆண்டு காத்திராமல் இறப்புச் சான்றிதழ் தரச் சிறப்பு நடைமுறைகள் வகுக்கப்பட்டன. அரசு மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இவையெல்லாம் சாட்சி. ஆனால், எல்லாமே பெரிய பேரிடர்கள். டிவியில் வந்தவை. முதல்வர்கள் நேரில் வந்து பார்த்தவை.

ஒரே ஒரு படகு காணாமல் போனால்?

ஏன் 7 ஆண்டு?

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இன் 108ஆவது பிரிவு, ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்கெல்லாம் தகவல் தெரிந்திருக்குமோ அவர்களுக்கு 7 ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷிய அதிநியமில் இது 111ஆவது பிரிவாக இருக்கிறது. எண்தான் மாறியது. ஏழு மாறவில்லை.

இந்த ஏழின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. கடல் கடந்து போய் 7 ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று 1666இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பாய்மரக் கப்பல் காலம். ஒரு கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வரவே ஓராண்டு ஆகலாம். அப்போதைக்கு 7 ஆண்டு நியாயமான கணக்குதான். சாட்டிலைட் போனும் ஜிபிஎஸ்ஸும் உள்ள படகுக்கும் அதே கணக்கு என்பதுதான் நெருடுகிறது.

இன்னொரு சிக்கல், 7 ஆண்டு முடிந்த மறுநாள் சான்றிதழ் தானாக வந்துவிடாது. 'எல்ஐசி எதிர் அனுராதா' வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. இறந்துவிட்டார் என்ற அனுமானம், நீதிமன்றத்திலோ அதுபோன்ற ஓர் அமைப்பிலோ கேள்வி எழுப்பப்படும்போதுதான் எழும். அதோடு, அவர் எந்தத் தேதியில் இறந்தார் என்பதை இந்த அனுமானம் சொல்லாது. அது தேவைப்பட்டால் தனியாகச் சாட்சியம் வேண்டும். அந்த வழக்கின் முடிவு இன்னும் கசப்பானது: கணவர் காணாமல் போன பிறகு பிரீமியம் கட்டப்படவில்லை, அதனால் பாலிசி காலாவதியாகிவிட்டது என்ற எல்ஐசியின் வாதம் ஏற்கப்பட்டது. சம்பாதித்தவர் காணாமல் போன வீடு, அவர் பெயரில் 7 ஆண்டுகள் பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம்.

எல்லாருக்கும் இப்படித்தானா என்றால், இல்லை. மத்திய அரசு ஊழியர் ஒருவர் காணாமல் போனால், போலீஸில் புகார் பதிவாகி 6 மாதங்கள் கழிந்ததும், அவர் திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற உறுதிப் பத்திரத்தின் பேரில் குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிடும். அதே தேசம், அதே காணாமல் போதல். அலுவலகத்துக்குப் போனவரின் மனைவிக்கு 6 மாதம், கடலுக்குப் போனவரின் மனைவிக்கு 7 ஆண்டு.

நடுவில் இருக்கும் வாழ்க்கை

கடன் 7 ஆண்டு காத்திருக்காது. படகுக்கு வாங்கியது, நகையை அடகு வைத்தது, கைமாத்து வாங்கியது எல்லாம் அப்படியே நிற்கும். வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் 'உயிரோடு' இருப்பதால் நாமினிக்கும் பணம் வராது. அவர் வராததால் வேறு யாரும் எடுக்கவும் முடியாது. இன்றைய தலைமுறைக்குப் புரியும்படி சொன்னால், அவருடைய சிம் கார்டும் கடலோடு போயிருக்கும். ஆதார், வங்கி, கேஸ் இணைப்பு எதைத் தொட்டாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும்.

வீடு விற்க முடியாது. காணாமல் போனவரின் சொத்தை அவர் திரும்பும்வரை குடும்பத்தினர் சட்டப்படி பராமரிக்க, இந்தியாவில் பொதுவான தனிச் சட்டம் எதுவும் இல்லை.

பணம் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? 'இன்னா வந்துருவாரு' என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு, அடக்கச் சடங்கு இல்லாத சாவை யார் போய்ச் சொல்வது? குமரிக் கடற்கரையில் பெரும்பான்மையானவர்கள் லத்தீன் கத்தோலிக்கர்கள். திருச்சபைச் சட்டத்தின்படி, மரணத்துக்கு ஆவணம் இல்லாதபோது, துணைவர் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று மறைமாவட்ட ஆயர் அறிவித்த பிறகே மறுமணம் செய்ய முடியும். எத்தனை ஆண்டு கடந்தது என்பது மட்டும் அதற்குப் போதாது. இறந்துவிட்டார் என்ற உறுதி ஆயருக்கு வர வேண்டும். சிவில் சட்டத்தில் 7 ஆண்டு தகவல் இல்லை என்பது விவாகரத்துக்கு ஒரு காரணம். இந்து திருமணச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் அப்படித்தான். 25 வயதில் கணவரைக் கடலில் தொலைத்த பெண், 32 வயதில்தான் 'விவாகரத்து' கேட்க முடியும். இறந்துபோனவரிடமிருந்து விவாகரத்து!

கணவர் போன பிறகு ஒரு பெண் நடுத்தெருவில் நிற்பாளா, வீட்டுக்குள் நிற்பாளா என்பதைத் துக்கத்தைவிடச் சட்டம்தான் முடிவு செய்கிறது என்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. மருமக்கள்வழி வழக்கம் இருந்த காலத்தில், நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் சொத்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்ற பெயரில் ஒரு பங்கு மட்டும், அதுவும் ஆயிரம் வழக்குகளோடு. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது இந்தக் கொடுமையைப் பற்றித்தான். பேசுபவர் ஒரு பெண். படிக்கச் சிரிப்பாக இருக்கும், நடுவில் சிரிப்பு நின்றுவிடும். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகே அந்த முறை முடிவுக்கு வரத் தொடங்கியது. இன்று கணவர் உயில் எழுதாமல் இறந்தால், இந்துப் பெண்ணுக்குப் பிள்ளைகளோடும் மாமியாரோடும் சமபங்கு. பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவப் பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆனால், 'இறந்தால்' என்ற அந்த ஒரு சொல்லைத் தாண்டினால்தான் பங்கே.

ஒரு படகு, ஒரு குடும்பம்

ஒக்கி நடந்து ஓராண்டு ஆவதற்குள், 2018 ஆகஸ்ட் 7 அன்று, கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன 'ஓஷியானிக்' என்ற விசைப்படகு மீது கப்பல் மோதியது. படகில் இருந்தவர்களில் பலர் குமரி மாவட்டம் இராமன்துறையைச் சேர்ந்தவர்கள். சிலர் மீட்கப்பட்டார்கள், சிலர் உடலாகக் கிடைத்தார்கள், மற்றவர்களைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஒரே படகு, ஒரே விபத்து. உடல் கிடைத்த வீட்டுக்கு ஒரு சட்டம், கிடைக்காத வீட்டுக்கு இன்னொரு சட்டம்.

அதிகாரிகள் தயங்குவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2021 ஏப்ரலில் வள்ளவிளையைச் சேர்ந்த 11 மீனவர்கள் போன 'மெர்சிடிஸ்' படகு விபத்தில் சிக்கியதாகவும், உடைந்த பாகங்கள் மிதந்ததைப் பார்த்ததாகவும் தகவல் வந்தது. ஊரே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. சில நாட்களில் 11 பேரும் உயிரோடு இருப்பது தெரியவந்தது! அவசரப்பட்டுச் சான்றிதழ் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வருவாய்த் துறை அதிகாரி கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால், அதற்குப் பதில் சில மாதங்களாக இருக்கலாம்; 7 ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: 7 ஆண்டு என்பது கட்டாயக் காத்திருப்பு அல்ல. வேறு சாட்சியமே இல்லாதபோது கைகொடுக்கும் ஓர் அனுமானம், அவ்வளவுதான். படகு கவிழ்ந்ததைப் பார்த்தவர் இருக்கிறார், கூடப் போனவர் உயிர் தப்பி வந்து சொல்கிறார், படகின் பாகங்கள் கிடைத்திருக்கின்றன என்றால், மரணத்தை நேரடியாகவே நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். இரண்டாவது ஆண்டிலும் கேட்கலாம். 'ஏழு வருஷம் கழிச்சு வாங்க' என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்புவதோடு பல குடும்பங்களில் விஷயம் முடிந்துவிடுவதுதான் வேதனை.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

ஏழைக் கொடுத்த இங்கிலாந்தே அதிலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டது. காணாமல் போய் 90 நாட்கள் ஆகிவிட்டால், அவருடைய பணத்தையும் சொத்தையும் பார்த்துக்கொள்ள ஒருவரை நீதிமன்றம் காப்பாளராக நியமிக்கலாம் என்று 2017இல் அங்கே சட்டம் வந்து, 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. இறந்துவிட்டார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாடகை கட்டலாம், கடன் தவணை கட்டலாம்.

அமெரிக்காவிலும் சமூகப் பாதுகாப்புத் துறை 7 ஆண்டு கணக்கைத்தான் பொதுவாகப் பின்பற்றுகிறது. ஆனால், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களுக்குப் பிரமாண வாக்குமூலத்தின் பேரில் சில வாரங்களிலேயே இறப்புச் சான்றிதழ் வழங்கும் நடைமுறையை நியூயார்க் கொண்டுவந்தது. அங்கே கணவரை இழந்தவருக்கு அவர் கட்டிய வரிக்கு ஏற்ப மாதாந்திரத் தொகை உண்டு. பொதுவாக 60 வயதிலிருந்து, சின்னப் பிள்ளைகளை வளர்ப்பவர் என்றால் அதற்கு முன்பே. ஆனால், ஒரே தவணையாகக் கிடைக்கும் இறப்பு உதவித்தொகை வெறும் 255 டாலர். பணக்கார நாடு என்பதால் எல்லாம் தாராளம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நமக்கு நெருக்கமான உதாரணம் இலங்கை. போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள், 'இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டோம், எங்கே என்று சொல்லுங்கள்' என்று நின்றார்கள். அதனால் 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக 'காணாமல் போனவர்' என்பதற்கே ஒரு சான்றிதழ் கொண்டுவந்தார்கள். அதை வைத்து அரசு உதவிக்கு விண்ணப்பிக்கலாம், சொத்து விவகாரங்களைப் பார்க்கலாம். உண்மையைக் கேட்ட குடும்பங்களுக்கு ஒரு தாள் போதுமானதாக இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும், கணவரைத் தன் கையாலேயே 'சாகடிக்காமல்' பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு வழி என்ற வகையில், குமரிக் கரைக்கு அவசியமான தாள் அது.

காஷ்மீரில் இப்படி நிற்பவர்களை 'அரை விதவைகள்' என்றே அழைக்கிறார்கள். 4 ஆண்டுகள் காத்திருந்தபின் அவர்கள் மறுமணம் செய்யலாம் என்று 2013இல் அங்குள்ள மத அறிஞர்கள் முடிவு சொன்னார்கள்.

இன்று ஒரு குடும்பம் என்ன செய்யலாம்?

முதலில் புகார். கேரளத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய படகு என்றால், 'அங்கே போய்க் கொடுங்க' என்று அலைக்கழிப்பது வழக்கம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் நடந்ததாகச் சொல்லும் புகார் என்றால், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் எஃப்ஐஆர் பதியலாம். கப்பல் மோதிய வழக்குகளில் இது உதவும். மற்ற வழக்குகளில், உள்ளூர் காவல் நிலையத்திலோ மரைன் போலீஸிலோ காணாமல் போனதாக எழுத்தில் கொடுத்து, வெறும் மனு ரசீதோடு நிறுத்தாமல் வழக்காகப் பதியச் சொல்லிக் கேட்க வேண்டும். மீன்வளத் துறைக்கும் தனியாக மனு போக வேண்டும். கூடப் போனவர்கள், கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியவர்களின் வாக்குமூலத்தை உடனே எழுதி வாங்கிவிடுவது நல்லது. 7 ஆண்டு கழித்து நினைவும் இருக்காது, ஆளும் ஊரில் இருக்க மாட்டார்.

வழக்குப் போடப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987இன்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள்.

மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பிரதமர் பெயரிலான வங்கிக் காப்பீடுகளில் விபத்துக்கானதற்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். இரண்டிலும் 2 லட்சம் ரூபாய். இவை கணவரின் கணக்கிலிருந்து தானாகக் கழிபவை. அவர் காணாமல் போன பிறகு கணக்கில் பணம் இல்லாமல் போனால் பாலிசி சத்தமில்லாமல் நின்றுவிடும். கணக்கு எண் தெரிந்திருந்தால் யாரும் அதில் பணம் போடலாம், எடுக்கத்தான் முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதக் கடைசிக்குள், 456 ரூபாய் போட்டு வைப்பது அந்த வீட்டில் யாராவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை.

தமிழ்நாட்டின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத் திட்டம் 1975இல் தொடங்கியது. 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது இறப்புச் சான்றிதழைத்தான். மாதம் 1,200 ரூபாய்க்கு, திரும்பி வராத ஒருவரின் சாவை நிரூபிக்கச் சொல்கிறோம். காணாமல் போனவர் என்ற போலீஸ் ஆவணத்தையும் உறுதிப் பத்திரத்தையும் வைத்து, மத்திய அரசு ஊழியர் குடும்பத்துக்குத் தருவதுபோல 6 மாதத்தில் இதைத் தொடங்கினால் அரசுக்குப் பெரிய செலவு வந்துவிடப் போவதில்லை. திரும்பி வந்தவரிடம் 1,200 ரூபாயை வசூலிக்க வேண்டிய நிலை வந்தால், அதைவிட நல்ல செய்தி அந்த ஊருக்கு வேறு இருக்காது.

படகு கிளம்பும் முன் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வங்கிக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் கணவன் மனைவி கூட்டுக் கணக்காக மாற்றினால், ஒருவர் இல்லாதபோதும் மற்றவர் பணம் எடுக்கலாம். நாமினி என்பது மரணத்துக்குப் பிறகுதான் செல்லும். கூட்டுக் கணக்கு அன்றைக்கே செல்லும். கேஸ் இணைப்பையும் அதனோடு சேர்ந்த மொபைல் எண்ணையும் வீட்டில் இருப்பவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். வங்கியில் ஒரு படிவம், இரண்டு கையெழுத்து, அரை நாள் வேலை.